டீகோஹீரன்ஸ்: ஓரியல்புக் கலைவு

குவாண்டம் கணினி பற்றி எதை எழுதப் போனாலும் ‘டீகோஹீரன்ஸ்’ என்ற இந்தச் சொல் குறுக்கே வந்து நிற்கும். தமிழாக்கும்போது கை முதலில் போவது ‘சிதைவு’ என்ற சொல்லுக்கு. அது வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. காரணம் இயற்பியலிலேயே இருக்கிறது.

மூலம் லத்தீன். ‘ஹேரேரே’ என்றால் ஒட்டிக்கொள்ளுதல், ‘கோ’ என்றால் உடன். ஒன்றோடொன்று ஒட்டி நிற்பது கோஹீரன்ஸ். முன்னால் ‘டீ’ சேர்ந்தால் அந்த ஒட்டு விலகுகிறது. பேச்சைப் பற்றிச் சொல்லும்போது இதற்கு நேரான தமிழ், ‘கோவையாகப் பேசு’ என்பதில் வரும் கோவை. அழகான சொல்தான். ஆனால் ‘கோவை குலைந்தது’ என்று தலைப்பிட்டால், படிக்கிறவர் மனம் கோயம்புத்தூருக்குப் போய்விடும். தமிழ்வழியில் பிளஸ் டூ படித்த மாணவருக்கு ‘ஓரியல் மூலங்கள்’ ஏற்கெனவே பழக்கம்: கட்ட வேறுபாடு (ஓர் அலை மற்றதைவிட எவ்வளவு முந்தியோ பிந்தியோ நிற்கிறது என்பது) மாறாமல் ஒளி தரும் இரண்டு மூலங்கள். அந்த ஓரியல்பையே இங்கும் வைத்துக்கொள்வது நல்லது.

இரட்டைப் பிளவு ஆய்வில் பொலிவும் கருமையுமாக வரிகள் விழுவது இந்த ஓரியல்பால்தான். குவாண்டம் இயக்கவியலில் அந்த இரண்டு மூலங்கள், ஒரே துகளுக்குத் திறந்திருக்கும் இரண்டு வழிகள். இப்போது பக்கத்தில் ஒரு காற்று மூலக்கூறோ ஒரு ஃபோட்டானோ (ஒளித்துகளோ) வந்து மோதட்டும். துகள் இடப்பக்கம் போயிருந்தால் ஃபோட்டான் ஒரு நிலையிலும், வலப்பக்கம் போயிருந்தால் வேறொரு நிலையிலும் விலகிச் செல்லும். இவ்விரு நிலைகளும் எவ்வளவு ஒன்றின்மேல் ஒன்று பொருந்துகின்றன என்பதே வரிகளின் தெளிவை முடிவு செய்கிறது. முழுக்கப் பொருந்தினால் வரிக்குக் குறைவில்லை. சற்றும் பொருந்தாவிட்டால் வரி இல்லை.

ஒரு மோதலில் இந்தப் பொருத்தம் 0.99 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சதவீதம்தானே குறைகிறது என்று தோன்றும். ஆனால் மோதல்கள் பெருக்கலாகச் சேரும்: 100 மோதலில் 0.37, 500 மோதலில் 0.007. சாதாரண அறையில் ஒரு தூசியின் மேல் மோதுகிற காற்று மூலக்கூறுகளுக்குக் கணக்கே இல்லை. தூசி இரண்டு இடத்தில் இருப்பதாக நாம் ஒருபோதும் பார்க்காததற்குக் காரணம் இதுதான்.

இதில் யாரும் உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை. வியன்னா ஆய்வாளர்கள் 70 கார்பன் அணுக்கள் கொண்ட ஃபுல்லரீன் என்ற கூண்டு வடிவ மூலக்கூறுகளை வைத்து இதைக் காட்டினார்கள். முடிவு 2004இல் வெளிவந்தது. மூலக்கூறை லேசரால் சூடேற்றி, இத்தகைய வரிகளை உண்டாக்கும் கருவியான குறுக்கீட்டுமானிக்குள் அனுப்பினார்கள். சூடு ஏற ஏற அது தானே வெப்ப ஒளியை உமிழ்ந்தது, வரிகள் மங்கிக்கொண்டே போய் மறைந்தன. உமிழ்ந்த ஒளியை ஒருவரும் பிடித்துப் பார்க்கவில்லை. மூலக்கூறு எங்கே இருந்தது என்ற சேதியை அது சுமந்து போனதே போதுமானதாக இருந்தது.

ஓரியல்பு அழிந்துவிட்டதா என்றால் இல்லை. துகள், ஃபோட்டான், சுவர், காற்று எல்லாவற்றையும் சேர்த்து எடுத்தால் கட்டத் தொடர்பு அப்படியே இருக்கிறது. துகளில் மட்டும் தேடினால் கிடைக்காது. சித்ரா பௌர்ணமி காலையில் அழகர் ஆற்றில் இறங்கும்போது வைகைக்குள் ஒரே திரளாக நிற்கிற சனம், பிறகு கோரிப்பாளையம் பக்கம் கொஞ்சம், செல்லூர்ப் பக்கம் கொஞ்சம், யானைக்கல் ஏறிக் கொஞ்சம் என்று போய்விடுகிறது. ஆள் அத்தனை பேரும் ஊருக்குள்தான் இருக்கிறார்கள். கூட்டம் சிதைந்தது என்று யாரும் சொல்வதில்லை, கலைந்தது என்கிறோம். தூக்கமும் தவமும் வெளியிலிருந்து வரும் தொந்தரவால் ‘கலைகின்றன’. இந்த இரண்டு பொருளும் இங்கே வேண்டும். மேலும் சிதைவு என்ற சொல் ‘கதிரியக்கச் சிதைவு’க்கு ஏற்கெனவே போய்விட்டது, அங்கே அணுக்கரு உண்மையிலேயே உடைகிறது.

கருத்துக்கு 1970இல் அடித்தளம் போட்டவர் ஜெர்மானிய இயற்பியலர் டீட்டர் ஸே. 1981, 1982இல் வோய்ச்செக் சூரெக் எழுதிய கட்டுரைகள் அதை வளர்த்தன. பல விடைகளில் ஏன் இந்த ஒரு விடை கிடைத்தது என்ற கேள்விக்கு இது பதில் சொல்வதில்லை. குறுக்கீடு, அதாவது வரிகளைத் தரும் அலைக் கலப்பு, ஏன் மறைகிறது என்பதற்கு மட்டுமே சொல்கிறது. இரண்டையும் குழப்பி எழுதுவது அடிக்கடி நடக்கிறது.

பக்கத்துச் சொற்களையும் பிரித்து வைக்க வேண்டும். குவாண்டம் கணினியின் அடிப்படை அலகான கியூபிட் தன் ஆற்றலை இழந்து கீழ்நிலைக்கு இறங்குவது ‘தளர்வு’, அதன் காலம் டி1. கட்டம் நிலைக்கும் காலம் டி2. அது டி1-இன் இருமடங்கைத் தாண்டாது. மெதுவாக மாறும் காந்தப்புலத்தால் கட்டம் நகர்வது ‘கட்டப் பிசகல்’. இதை 1950இல் எர்வின் ஹான் கண்ட எதிரொலி முறையால் மீட்டுவிடலாம்: பாதி நேரத்தில் ஒரு துடிப்பு கொடுத்தால் பிசகிய கட்டம் திரும்பி வந்து சேரும். ஃபோட்டானோடு வெளியே போன கட்டத்தை அப்படித் திருப்ப முடியாது. மீட்க முடிவதற்கும் முடியாததற்கும் ஒரே பெயர் வைக்கக் கூடாது.

கலைவைத் தள்ளிப்போடும் வேலை எப்படி நடக்கிறது என்பதற்கு மீக்கடத்தி (மின்தடை இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள்) கியூபிட் நல்ல எடுத்துக்காட்டு. 5 கிகாஹெர்ட்ஸில் ஒரு ஃபோட்டானின் ஆற்றல் 0.24 கெல்வினுக்குச் சமம். 300 கெல்வின் அறையிலிருந்து இறங்கும் கேபிளில் அந்த அதிர்வெண்ணில் சராசரியாக 1250 வெப்ப ஃபோட்டான்கள் இருக்கும். அதனால் கியூபிட்டை 10 முதல் 20 மில்லிகெல்வினில் வைத்து, வழியில் 60 டெசிபெல் அளவுக்கு, அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்காக, சமிக்ஞையைக் குறைக்கும் அட்டென்யுவேட்டர்களைப் போடுகிறார்கள். மொத்தத்தையும் குளிர்விப்பானின் அடுக்குகளில் ஒன்றான 4 கெல்வின் தட்டிலேயே போட்டுவிட்டால் வேலைக்கு ஆகாது. அந்தத் தட்டின் சொந்த வெப்பமே 16 ஃபோட்டான்களைக் கீழே அனுப்பும். அதனால்தான் தட்டுக்கு 20 டெசிபெல் என்று பிரித்து வைக்கிற வழக்கம். கியூபிட்டின் நிலையைப் படிக்க உதவும் வாசிப்பு ஒத்ததிர்விக்குள் ஒரே ஒரு ஃபோட்டான் நுழைந்தாலும் கியூபிட்டின் அதிர்வெண் நகர்ந்துவிடும்.

எழுதும்போது ஒன்று: ‘சுற்றுச்சூழல்’ என்று போட்டால் படிப்பவர் ஆற்றையும் குப்பையையும் நினைப்பார், வெறும் ‘சூழல்’ போதும். வினையாகவும் தயங்காமல் எழுதலாம்: “சூழலோடு பின்னிக்கொண்டதால் கியூபிட்டின் ஓரியல்பு 100 மைக்ரோ விநாடியில் கலைந்தது.”