காது நிமிரவில்லை என்று கல்சியம் கேட்பவர்களுக்கு

நாய்க்குட்டியோடு வருகிறவர்கள் கல்சியம் பாணிப் போத்தலை மேசையில் வைத்துவிட்டு, "இதைக் காலமையும் பின்னேரமும் ஒழுங்காக் குடுக்கிறம் டொக்டர், அப்பிடியிருந்தும் கால் வளையுது" என்கிறார்கள். அந்தப் போத்தலால்தான் வளைகிறது என்று முகத்துக்கு நேரே சொல்ல மனம் வருவதில்லை. சொல்லாமல் விடவும் முடிவதில்லை.

இந்த முறை வந்தது கோண்டாவில் பக்கத்திலிருந்து ஒரு றொட்வைலர், ஐந்து மாதக் குட்டி. முன்னங்கால் இரண்டும் மணிக்கட்டுக்குக் கீழே வெளிப்பக்கமாகத் திரும்பி நிற்கின்றன, மூட்டுகள் வீங்கியிருக்கின்றன. பையில் வரும் நல்ல குட்டி உணவு, அதற்கு மேல் பாணி, அதற்கும் மேல் கனடாவில் இருந்து சித்தப்பா அனுப்பிய கல்சியம் விற்றமின் டி மாத்திரை, இரவில் பசுப்பால், இடையில் மீனெண்ணெய்க் குளிசை. குறை சொல்ல முடியாத அன்பு. ஆனால் எக்ஸ்ரேயைப் பார்த்தால் முழங்கை எலும்பின் வளர்தட்டு, அதாவது எலும்பு நீள்கிற நுனிப் பகுதி, குழம்பிப்போய்க் கிடக்கிறது. கொஞ்சம் முந்தி வந்திருந்தால் சாப்பாட்டை மாற்றியே சரிப்படுத்தப் பார்த்திருக்கலாம். இப்போது சத்திரசிகிச்சை பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

இனி எனக்கு அதிகம் எரிச்சல் தருகிற விஷயம், காது.

யாழ்ப்பாணத்தில் அல்சேஷன் (ஜேர்மன் ஷெப்பேர்ட்) வளர்க்கிற வீடுகளில் பாதிப் பேருக்காவது குட்டியின் காதைப் பற்றித்தான் கவலை. மூன்றாம் மாதம் காது தொங்கினால் உடனே பார்மசி. தயவுசெய்து கேளுங்கள்: காதில் எலும்பு இல்லை. அது குருத்தெலும்பு. கல்சியத்தைக் குடம் குடமாக ஊற்றினாலும் அது காதுக்குப் போய் அதை நிமிர்த்தாது. நான்காம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கிறது. அந்தக் காலத்தில் நிமிர்ந்த காதும் மறுபடி விழும், ஒன்று நின்று மற்றது படுக்கும், ஒரு நாள் இரண்டும் நடுவில் சாய்ந்து நிற்கும். பல் முளைத்து முடியும்போது பெரும்பாலும் தானாக நிமிரும். அந்த நேரம் பார்த்துப் பாணி குடித்துக்கொண்டிருந்தால் பெயர் பாணிக்குப் போகிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே போத்தல் சிபாரிசு செய்யப்படுகிறது. இப்படித்தான் இது ஊர் முழுக்கப் பரவியிருக்கிறது.

ஏழெட்டு மாதமாகியும் நிமிராவிட்டால் அது அநேகமாகப் பரம்பரை, இல்லையென்றால் காதில் பழைய புண் அல்லது அடி. "சுத்த ஜேர்மன் ஷெப்பேர்ட்" என்று காசு வாங்கியவரிடம் தாய் நாயைக் காட்டச் சொல்லியிருந்தால் பல வீடுகளில் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

தண்ணீரில் இருக்கிற கல்சியமே கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிற ஊரில் கல்சியம் போதவில்லை என்று இவ்வளவு பயம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. வளர்ந்த நாய்க்குக் கூடுதலாகக் கல்சியம் போனால் உடம்பு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடும். குட்டியின் குடலுக்கு ஆறு மாதம் வரை அந்தக் கட்டுப்பாடு சரியாக வராது. கொடுப்பதில் பெரும்பங்கு உள்ளே போய்விடும். நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 1980களிலேயே கிரேட் டேன் என்ற மிகப் பெரிய இன நாய்க்குட்டிகளுக்குக் கூடுதல் கல்சியம் கொடுத்துப் பார்த்து, எலும்பும் மூட்டும் கெடுவதைக் காட்டிவிட்டார்கள். 32 கிலோவுக்கு மேல் வளரக்கூடிய இனங்களின் குட்டி உணவில், ஈரப்பதம் நீக்கிய கணக்கில், கல்சியம் 1.8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று அமெரிக்காவில் வரையறையே இருக்கிறது. பெரிய இனக் குட்டிகளுக்கு என்று போட்ட பையை வாங்கினால் அந்தக் கணக்கு ஏற்கனவே பார்க்கப்பட்டிருக்கும். அதற்கு மேல் ஒரு கரண்டியும் வேண்டாம்.

வெறும் சோறும் மீனும், அல்லது சோறும் கோழி இறைச்சியும் மட்டும் போடுகிற வீடுகளின் கணக்கு வேறு. அங்கே கல்சியம் உண்மையிலேயே போதாது. எலும்பு மெலிந்து, கட்டிலில் இருந்து குதித்ததற்கே கால் முறிந்த குட்டிகளும் வருகின்றன. அவற்றுக்கு நாங்களே கல்சியம் எழுதித் தருகிறோம், ஆனால் எடையும் சாப்பாடும் பார்த்து அளந்து. உங்கள் குட்டி எந்தப் பக்கம் என்று பார்மசியில் நின்று தீர்மானிக்காதீர்கள்.

அடுத்தது கொழுப்பு. "எலும்பும் தோலுமா இருக்கு எண்டு அயலட்டை சொல்லுது" என்று ஒழுங்கான உடம்போடு இருக்கிற லாப்ரடோரைக் கொண்டுவருகிறார்கள். குண்டுக் குட்டி பார்க்க வடிவுதான். பாரத்தைத் தாங்குவது இன்னும் முற்றாத மூட்டு. அமெரிக்காவில் 48 லாப்ரடோர்களைக் குட்டியிலிருந்து கடைசி வரை பின்தொடர்ந்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. கால்வாசி குறைவாகச் சாப்பிட்டவை மற்றவற்றைவிட ஏறத்தாழ 2 ஆண்டு கூட வாழ்ந்தன, இடுப்பு மூட்டுத் தேய்வும் அவற்றுக்குப் பிந்தியே வந்தது. விலாவைத் தடவினால் உங்கள் புறங்கையைத் தடவுவதுபோல் எலும்பு தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். அயலட்டைக்கு நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

வளர்ச்சியை எப்படிப் பார்ப்பது? வாரத்துக்கு ஒருமுறை நிறுங்கள். குட்டியைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, உங்கள் எடையைக் கழியுங்கள். தூக்க முடியாத அளவுக்கு வந்ததும் வெங்காயம் நிறுக்கிற பெரிய தராசு உள்ள கடையில் கேட்டால் தருவார்கள், கொஞ்சம் சிரிப்பார்கள், பரவாயில்லை. எடையைச் சுவர்க் கலண்டரிலேயே எழுதுங்கள். பக்கத்து வீட்டுக் குட்டியோடு ஒப்பிடாதீர்கள், போன வாரத்தோடு ஒப்பிடுங்கள். சீராக ஏறினால் போதும். திடீரென்று பாய்ந்தால் சாப்பாட்டைக் குறையுங்கள், இரண்டு வாரம் அசையாமல் நின்றால் பூச்சி மருந்து எப்போது கொடுத்தீர்கள் என்று பாருங்கள். 30 கிலோவுக்கு வரக்கூடிய லாப்ரடோர் ஐந்து மாதத்தில் 15 கிலோவுக்குக் கிட்ட இருந்தால் நல்ல வளர்ச்சி. உயரம் ஒரு வயதுக்குள் பெரும்பாலும் வந்துவிடும், நெஞ்சு அகலிக்க ஒன்றரை வயதாகும், கிரேட் டேன் போன்றவற்றுக்கு இரண்டு வயதும் ஆகும். ஆறு மாதத்தில் "இன்னும் வளரேல்லை" என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: வளர வேண்டாமே, மெதுவாக வளரட்டும்.

மோட்டார் சைக்கிளில் கட்டி ஓட்டுவதை நிறுத்துங்கள். வளர்தட்டு மூடாத குட்டிக்கு அது பயிற்சியல்ல, அடி. முற்றத்து மணலில் அதன் பாட்டில் ஓடி விளையாடுவது மிக நல்லது. வழுக்குகிற டைல்ஸ் தரையில் சாக்கோ பாயோ விரியுங்கள். மூன்று மாதத்துக்குள் மாடிப்படி ஏற விடாதீர்கள்.

நொண்டினால் ஒரு நாள் பார்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம். பின்னங்கால் இரண்டையும் சேர்த்துத் தத்தி ஓடினால், மணிக்கட்டு வீங்கிச் சூடாக இருந்தால், அன்றைக்கே கொண்டுவாருங்கள். வீட்டில் இருக்கிற டைக்ளோபெனாக்கையோ ஐபுபுரோபெனையோ கொடுத்துவிட்டு மட்டும் வராதீர்கள். அவை நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும், காலை விட்டுவிட்டு முதலில் அதைத்தான் நாங்கள் பார்க்க வேண்டியிருக்கும்.

வரும்போது கலண்டரில் எழுதிய எடையையும் சாப்பாட்டுப் பையின் படத்தையும் கொண்டுவாருங்கள். போத்தல், மாத்திரை, வெளிநாட்டுப் பார்சலில் வந்தது, அம்மம்மா ஒளித்துக் கொடுப்பது எல்லாம் சேர்த்து. ஏச மாட்டேன்.