பிளனேரியா: ஊர்வது எது, நெளிவது எது

மீன் தொட்டிக் கண்ணாடியில் வெள்ளையாக ஏதாவது அசைந்தால் திருகோணமலையில் பெரியவர்கள் “பூச்சி” என்பார்கள், கப்பியும் இறாலும் வளர்க்கிற பொடியன்கள் “பிளனேரியா” (இறால் குஞ்சைத் தின்னும் ஒரு தட்டைப்புழு) என்பார்கள். முதற்சொல் மிக அகலம், இரண்டாவது மிக ஒடுக்கம். வயிற்றுப் புழுவும் பூச்சிதான், அதற்கு விழுங்குவது பூச்சிக் குளிசை, விளக்கைச் சுற்றிப் பறப்பதும் பூச்சி. “புழு” என்றால் கொஞ்சம் கிட்ட வருகிறோம். கன்னடத்து ஹுளுவுக்கும் தெலுங்கின் புருகுவுக்கும் உறவான பழைய திராவிடச் சொல் அது. ஆனால் அதற்குள்ளும் குட்டை குழம்பிக் கிடக்கிறது. மீன் தீனியாக விற்கும் “இரத்தப்புழு” புழுவே அல்ல, கொசுவைப் போன்ற, ஆனால் கடிக்காத ஓர் ஈயின் குடம்பி.

“பிளனேரியா” இலத்தீன் சொல். பிளானுஸ் என்றால் தட்டையானது. டென்மார்க் இயற்கையியலாளர் ஓட்டோ பிரெடெரிக் முல்லர் 1776இல் இந்தப் பெயரை ஒரு பேரினத்துக்கு வைத்தார். நம் தொட்டிகளில் வருபவை பெரும்பாலும் அந்தப் பேரினத்தைச் சேர்ந்தவையல்ல, டுகேசியா போன்ற உறவினங்கள். பெயர் மட்டும் எல்லாவற்றுக்கும் பொதுவாகி நின்றுவிட்டது. தமிழில் “தட்டைப்புழு” என்பது பொருளுக்குச் சரி, அளவுக்குச் சரியில்லை: நாடாப்புழுவும் ஈரல் புழுவும்கூடத் தட்டைப்புழுக்களே. “நன்னீர்த் தட்டைப்புழு” என்றால் பிழையில்லை. தொட்டிக்காரருக்கு “அம்புத்தலைப் புழு” இன்னும் கைகொடுக்கும், ஏனென்றால் அடையாளமே அந்தத் தலைதான். முக்கோணத் தலை, அதில் இரண்டு கறுப்புக் கண்புள்ளிகள், பார்த்தால் வாக்குக்கண் போல இருக்கும். நீளம் 3 முதல் 20 மில்லிமீற்றர். வாய் தலையில் இல்லை, வயிற்றின் நடுவில் இருக்கிறது.

தலை தெரியாத அளவு சின்னதாக இருந்தால் பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு வினைச்சொல்லைப் பிடிக்க வேண்டும். தமிழ் இங்கே பெரிய உதவி. அம்புத்தலைப் புழு ஊரும். அடிவயிற்றில் உள்ள நுண்மயிர்கள் துடுப்புப் போடுவதால் உடம்பு வளையாமல், நத்தை மாதிரிக் கண்ணாடியில் வழுக்கிக்கொண்டு போகும். வளையப்புழு நெளியும், நீளும், சுருங்கும். மண்புழுவின் சொந்தம் அது, நெடுக்கிலும் குறுக்கிலும் தசை உண்டு. நூற்புழு வெட்டி வெட்டித் துடிக்கும். அதற்கு நெடுக்குத் தசை மட்டும் என்பதால் இரண்டு பக்கமும் வளைய முடியுமே தவிர நீண்டு சுருங்க முடியாது. அட்டை முன்னும் பின்னும் ஒட்டி ஒட்டி அடியெடுத்து நடக்கும். இரவு விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து டோர்ச் அடித்து, பூதக்கண்ணாடியால் ஒன்றையே அரை நிமிடம் பாருங்கள். வினை தெரிந்துவிடும்.

நூற்புழு என்ற சொல் பயிர் நோய் பற்றி எழுதுபவர்களிடம் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. கிரேக்க “நேமா”வும் நூல்தான், ஆகவே உருளைப்புழு என்பதைவிட இது மூலத்துக்குக் கிட்ட. தொட்டியில் அது தீங்கு செய்யாது. தலை கூராக இல்லாத, 1 – 2 மில்லிமீற்றர் வெள்ளைப் புள்ளிகளாக ஊரும் குட்டித் தட்டைப்புழுக்களும் அப்படியே.

அதிகம் பயமுறுத்துவது “டெட்ரிட்டஸ் புழு”. தேய்ந்து உதிர்ந்தது என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் “கசட்டுப்புழு” என்று சொல்லலாம், கசடு அடியில் தங்குவதுதானே. இது வளையப்புழு, மயிர்போல மெல்லிய வெள்ளை, கல்லுக்குள் இருக்கும்வரை மீனுக்கு நன்மையே. மேலே வந்து தண்ணீரில் நெளிந்தால் அடியில் ஒட்சிசன் குறைந்துவிட்டது என்று பொருள். 25 பாகை செல்சியஸ் நன்னீரில் லீற்றருக்குச் சுமார் 8.3 மில்லிகிராம் ஒட்சிசன் கரையும், 30 பாகையில் 7.6 தான். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் (தின்கிற கச்சான் அல்ல, தென்மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று) கரண்ட் போய்க் காற்றுப் பம்ப் நின்றால் புழு மேலே வருவதில் புதுமை என்ன? மருந்து வேண்டாம். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவுக்குத் தீனியைக் குறையுங்கள். கல்லை சைபன் குழாயால் உறிஞ்சி, வாரம் 25 – 30 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள். பில்டர் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே கழுவுங்கள். குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரில் கழுவினால் நல்ல பக்ரீரியா செத்து, புழுவுக்குப் பதில் அமோனியா வரும்.

அம்புத்தலைப் புழு என்றால் கதை வேறு. இறால் குஞ்சையும் மீன் முட்டையையும் தின்னும். பிளேட்டால் சுரண்டி நசுக்க வேண்டாம், துண்டுகள் முழுப் புழுக்களாக வளரும். மூடியில் 3 மில்லிமீற்றர் துளையிட்ட சின்னப் போத்தலில் பட்டாணி அளவு பச்சை இறால் சதையைப் போட்டு, விளக்கணைத்ததும் அடியில் வையுங்கள். புழு தின்ன உள்ளே வரும். போத்தலை இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும், தின்று முடித்தால் புழு திரும்பிப் போய்விடும்.

அப்படியும் தீராவிட்டால் நாய்க்குக் கொடுக்கும் பூச்சி மருந்தான பென்பெண்டசோல் தூள். கிராமுக்கு 222 மில்லிகிராம் உள்ளதானால் 38 லீற்றருக்கு 0.1 கிராம். நகை நிறுக்கும் தராசு இல்லாவிட்டால் 1 கிராமை வெள்ளைத் தாளில் பத்தாகப் பிரியுங்கள். தண்ணீரில் இலேசில் கரையாது, சுடுதண்ணீரில் நன்றாகக் குலுக்கி ஊற்றுங்கள். இறால் தாங்கும், நெரைட் நத்தை சாகும், அதை முன்பே வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். செத்த புழு தண்ணீரைக் கெடுக்கும், இரண்டாம் நாள் பாதித் தண்ணீர் மாற்றுங்கள். முட்டைக்கூடு மருந்துக்குத் தப்பும், இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். தம்பலகாமத்துப் பக்கம் குளத்தில் பிடுங்கிய பாசியோடு வருவதும் பெரும்பாலும் அந்தக் கூடுதான்.

இறால் தொட்டிக்கென்று கடையில் விற்கும் சில பிளனேரியா மருந்துகளில் இருப்பது பாக்குச் சாறு. அதிலுள்ள அரேகோலினை நாய்களின் நாடாப்புழுவுக்கு மிருக வைத்தியர்கள் ஒருகாலத்தில் கொடுத்தார்கள். அதற்காக வெற்றிலைத் தட்டிலிருந்து பாக்கை எடுத்துத் தொட்டியில் போட வேண்டாம். கொட்டைக்குக் கொட்டை சத்து மாறும், நத்தைகள்தான் முதலில் சாகும்.