பிளப்பது சுலபம், சேர்ப்பது ஏன் இத்தனை கஷ்டம்?

அணுக்கருவில் இருக்கும் புரோட்டான்கள் எல்லாம் நேர்மின்சுமை கொண்டவை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருப்பவை. அவற்றைச் சிதறவிடாமல் இழுத்துப் பிடிப்பது வலிய அணுக்கரு விசை. அதன் பலம் பெரிது, ஆனால் கை நீளம் குறைவு. பக்கத்துத் துகளைத் தாண்டி எட்டாது. கரு பெரிதாகப் பெரிதாகத் தள்ளுவிசை ஓங்கிவிடும். மிகச் சிறிய கருவிலோ பிடித்துக்கொள்ளப் போதிய அண்டைத் துகள்களே இல்லை. நடுவில், இரும்பு, நிக்கல் பக்கத்தில்தான் பிணைப்பு மிக இறுக்கம்: துகளுக்குச் சுமார் 8.8 மெகா எலெக்ட்ரான் வோல்ட் (எலெக்ட்ரான் வோல்ட் என்பது அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு, மெகா என்றால் பத்து லட்சம்). யுரேனியத்தில் இது 7.6, கன ஹைட்ரஜனான டியூட்டீரியத்தில் வெறும் 1.1. பெரியதை உடைத்தாலும் சிறியதைச் சேர்த்தாலும் இந்த இறுக்கம் கூடுகிறது. கூடிய அளவு ஆற்றலாக வெளியே வருகிறது.

சரி, விதி ஒன்றுதான் என்றால் அணுப்பிளவு உலைகள் மட்டும் ஏன் பல பத்தாண்டுகளாக மின்சாரம் தருகின்றன? என்னைக் கேட்டால், பதில் கருவின் இன்னொரு துகளான நியூட்ரானில் இருக்கிறது. அதற்கு மின்சுமை கிடையாது, எந்தக் கருவும் அதைத் தள்ளாது. யுரேனியம்-235இன் உள்ளே நுழைய அதற்கு வேகமே தேவையில்லை. மெதுவாக வந்தால் இன்னும் நல்லது. 1938 டிசம்பரில் பெர்லினில் ஓட்டோ ஹானும் ஸ்ட்ராஸ்மனும் நியூட்ரான் பட்ட யுரேனியத்தில் அதைவிட மிக இலகுவான பேரியத்தைக் கண்டு குழம்பினார்கள். ஸ்வீடனில் இருந்த லீஸ் மைட்னரும் ஓட்டோ ஃபிரிஷும் கரு பிளந்திருக்கிறது என்று புரிந்துகொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தார்கள்: ஒரு பிளவுக்குச் சுமார் 200 மெகா எலெக்ட்ரான் வோல்ட். கரி எரியும்போது ஓர் அணுவுக்குக் கிடைப்பது நான்கு எலெக்ட்ரான் வோல்ட் அளவுதான்.

ஒவ்வொரு பிளவிலும் இரண்டு, மூன்று நியூட்ரான்கள் வெளிவந்து அடுத்த கருக்களைப் பிளக்கின்றன. இந்தத் தொடர்வினையில் ஒரு சுற்றுப் பிளவுக்கு ஆகும் நேரம் ஒரு வினாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். சுற்றுக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு கூடினால்கூட ஒரே வினாடியில் 20,000 மடங்கு தாண்டிவிடும். எந்த மோட்டாரும் நியூட்ரான்களை விழுங்கும் கட்டுப்பாட்டுத் தண்டுகளை அந்த வேகத்தில் நகர்த்த முடியாது. நம்மைக் காப்பாற்றுவது தாமதமாக வரும் நியூட்ரான்களின் ஒரு சின்னக் கூட்டம். பிளவுத் துண்டுகளில் ஒன்றான புரோமின்-87 சுமார் 55 வினாடி அரை ஆயுளோடு (பாதி அணுக்கள் சிதைய ஆகும் நேரம்) சிதைந்து கிரிப்டான்-87 ஆகும். அதில் ஒரு பகுதி உடனே ஒரு நியூட்ரானைத் துப்பும். இப்படிப்பட்டவை மொத்தத்தில் 0.65 சதவீதம்தான். இவை இல்லாமல் தொடர்வினை நீடிக்காத அளவில்தான் உலையை வைத்திருப்பார்கள். அதனால் ஏற்ற இறக்கம் நிதானமாக நடக்கிறது, தண்டுகளுக்கு நேரம் கிடைக்கிறது. இயற்கை இந்தச் சலுகையைத் தராமல் இருந்திருந்தால் அணு மின்நிலையம் என்ற ஒன்றே சந்தேகம்தான்.

தொடர்வினையை நிறுத்தினாலும் பிளவுத் துண்டுகள் சிதையும்போது வரும் வெப்பம் நிற்காது. 2011இல் ஃபுகுஷிமாவில் உலைகளை உருக்கியது அதுதான்.

கருக்களைச் சேர்க்கும் அணுக்கரு இணைவில், மின்சுமை இல்லாமல் உள்ளே நுழையும் நியூட்ரானின் சலுகை இல்லை. சேர வேண்டிய இரண்டு கருக்களும் மின்சுமை கொண்டவை, அசுர வேகத்தில் மோதினால்தான் நெருங்கும். சூரியனின் மையம் சுமார் 1.5 கோடி டிகிரி. அங்கேகூட இணைவு மிக மந்தம். ஒரு கன மீட்டருக்கு 300 வாட்கூடத் தேறாது. பூமியில் அந்த மந்தம் உதவாது என்பதால் டியூட்டீரியத்தையும், அதைவிடக் கனமான ஹைட்ரஜனான டிரிட்டியத்தையும் 15 கோடி டிகிரிக்குச் சூடாக்கி, காந்தப்புலத்தில் தொங்கவிடுகிறார்கள். பிரிட்டனின் ஜெட் (JET) என்ற இணைவுச் சோதனைக் கருவி 2023இல் 0.2 மில்லிகிராம் எரிபொருளிலிருந்து 69 மெகாஜூல் எடுத்தது. சுமார் 200 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும், ஆனால் பிளாஸ்மாவை (மின்சுமைத் துகள்களாகப் பிரிந்த சூடான வாயு) சூடாக்கச் செலவானது அதைவிட அதிகம். லேசரால் இணைவை நடத்தும் அமெரிக்க ஆய்வகம் 2022 டிசம்பரில் 2.05 மெகாஜூல் லேசர் ஒளி கொடுத்து 3.15 எடுத்தது உண்மையிலேயே சாதனை. அந்த லேசர்கள் இழுத்த மின்சாரம் ஏறக்குறைய 300 மெகாஜூல் என்பதைத்தான் பல தலைப்புச் செய்திகள் விட்டுவிட்டன.

இங்கும் நியூட்ரான் வந்துவிடுகிறது. டியூட்டீரியமும் டிரிட்டியமும் இணையும்போது பிறக்கும் ஹீலியம் மின்சுமை கொண்டது, காந்தப்புலத்துக்குள்ளேயே நின்று பிளாஸ்மாவைச் சூடாக்கும். ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்கைச் சுமக்கும் நியூட்ரான் நேராகச் சுவரில் போய் முட்டும். மின்சாரத்துக்கான வெப்பம் அப்படித்தான் வர வேண்டும். சுவர் எஃகைப் பலவீனமாக்கிக் கதிரியக்கம் ஏற்றுவதும் அதுவே. நீண்ட ஆயுள் கொண்ட பிளவுத் துண்டுகள் இல்லை என்பது உண்மை. கதிரியக்கமே இல்லை என்பது விளம்பரம்.

டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டு, இயற்கையில் கிடைப்பது சொற்பம். சுவரில் லித்தியம் வைத்து, நியூட்ரானைப் பிடித்து, அங்கேயே தயாரிக்க வேண்டும். ஓர் இணைவுக்கு ஒரு டிரிட்டியம் செலவு, கிடைப்பதும் ஒரே ஒரு நியூட்ரான்தான், அதிலும் சில வழியிலேயே தொலையும். அதனால் பெரிலியமோ ஈயமோ சேர்த்து நியூட்ரான்களைப் பெருக்கத் திட்டமிடுகிறார்கள். ஒரு மின்நிலையத்துக்கு வேண்டிய அளவில் இதை இன்னும் யாரும் செய்து காட்டவில்லை.