மேட்டைத் தாண்டிப் போன விறகு

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வியன்னாவின் அடுப்புகளுக்கு விறகு போதவில்லை. இன்றைய செக் குடியரசிலுள்ள தென் போஹீமியாவின் ஷுமாவா மலைக்காட்டிலோ ஸ்ப்ரூஸ், பீச் மரங்கள் வாங்க ஆளின்றி நின்று மக்கின. குறுக்கே இருந்தது ஒரு நீர்ப்பிரிமேடு. அந்தக் காட்டு ஓடைகள் வல்டாவா ஆற்றில் விழுந்து, எல்பே வழியாக வடகடலுக்குப் போகின்றன. வியன்னா இருப்பது மேட்டுக்கு அந்தப் பக்கம், டான்யூப் கரையில். வண்டியில் ஏற்றினால் விறகின் விலையை வண்டிக்கூலியே தின்றுவிடும்.

யோசெஃப் ரோசனாவர் (1735–1804) ஷ்வார்ட்சன்பெர்க் பிரபுக்களின் காடுகளில் வேலை பார்த்தவர். நில அளவையையும் பொறியியலையும் வேலைக்கு வந்த பிறகுதான் கற்றார். வாய்க்கால் வெட்டி ஓடைத் தண்ணீரை மேட்டைத் தாண்டி டான்யூப் பக்கம் திருப்பி, அதில் விறகை மிதக்கவிடலாம் என்று 1770-களிலேயே திட்டம் கொடுத்தார். மண்வெட்டி விழுந்தது 1789 மே மாதத்தில்தான்.

தண்ணீர் மேடேறுமா? ஏறவே வேண்டியதில்லை. அந்த மேட்டில் தாழ்ந்த இடம் ஒன்று, கடல்மட்டத்திலிருந்து சுமார் 790 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வாய்க்கால் தொடங்கும் இடம் 900 மீட்டருக்கும் மேலே. இடையில் உள்ள இந்த உயரத்தைக் கஞ்சத்தனமாகச் செலவழித்தால் தண்ணீர் தானாகவே மேட்டைத் தாண்டிவிடும். அதனால் வாய்க்கால் மலைச்சரிவின் மடிப்புகளையெல்லாம் சுற்றி வளைந்து போகிறது. வாட்டம் கிலோமீட்டருக்கு இரண்டு மூன்று மீட்டர்தான். வாட்டம் கூடினால் தரை அரித்துப்போகும், மேட்டை எட்டுமுன்பே உயரமும் தீர்ந்துவிடும். குறைந்தால் மணல் படிந்து கட்டைகள் தேங்கும். அவ்வளவு நெடுந்தூரம் இந்தக் கணக்குப் பிசகாமல் மட்டம் பார்த்ததுதான், என் கணிப்பில், ரோசனாவரின் பெரிய சாதனை. தோண்டுவதை மற்றவர்களும் செய்திருப்பார்கள்.

வாய்க்காலின் மேல் அகலம் சுமார் நான்கு மீட்டர், ஆழம் ஒரு மீட்டர் அளவு. பள்ளத்துப் பக்கக் கரையைக் கருங்கல் அடுக்கிப் பலப்படுத்தினார்கள். வழியில் குறுக்கிடும் ஓடைகளே தண்ணீர் தந்தன. போதாதபோது ப்ளெஷ்னே ஏரியைத் திறந்துவிட்டார்கள். ஆனால் பனி உருகும் காலத்தில் அதே ஓடைகள் கரையை உடைக்கும். மிகைநீரைப் பள்ளத்துக்குத் தள்ள நெடுகக் கலிங்குகள், ஏறத்தாழ 80, தேவைப்பட்டது அதனால்தான்.

மரத்தை வெட்டி, ஒரு மீட்டர் நீளக் கட்டைகளாகப் பிளந்து, குளிர்காலத்தில் பனிமேல் சறுக்குவண்டியில் இழுத்துவந்து கரையோரம் அடுக்கினார்கள். நீளம் ஒரு மீட்டரோடு நின்றதற்குக் காரணம் உண்டு: அடியில் வாய்க்கால் சுமார் இரண்டரை மீட்டர்தான் அகலம், அதைவிட நீண்ட கட்டை வளைவில் குறுக்கே சிக்கும். பச்சைக் கட்டையும் ஆகாது. குறிப்பாகப் பீச் கனத்த மரம், ஈரம் வற்றாவிட்டால் மூழ்கித் தரையோடு கிடக்கும்.

வசந்தத்தில் சில வாரங்கள் மிதப்பு நடக்கும். கரை நெடுகக் கொக்கி மாட்டிய நீண்ட கழிகளோடு ஆட்கள் நிற்பார்கள். ஒரு கட்டை குறுக்கே திரும்பினால் பின்னால் வருபவை அதன்மேல் ஏறும். அணைபோட்டதுபோல் தண்ணீர் உயரும். கரை வழிந்து அரிக்கத் தொடங்கிவிட்டால் உடைப்புதான். அதற்குள் மேலேயுள்ள கலிங்கைத் திறந்து நீரை வடிக்க வேண்டும், கொக்கியால் முடிச்சைப் பிரிக்க வேண்டும்.

மேட்டைத் தாண்டியதும் இறக்கம் செங்குத்தாகிறது. அங்கே தரையும் கல் பாவியது. கட்டைகள் சீறிக்கொண்டு ஓடையில் விழுந்து, குரோசே மூல் ஆற்றில் கலந்து, அது டான்யூபைத் தொடும் இடத்தில் தடுப்பில் சேரும். அங்கிருந்து படகில் வியன்னா.

கீழ்ப்பகுதியைத்தான் முதலில் கட்டினார்கள். மேல்காடுகளை எட்டும் நீட்டிப்பு ரோசனாவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1821–1823-ல் வந்தது. யெலெனி ஊரருகே ஒரு மலைமுதுகைத் துளைத்து 400 மீட்டருக்குச் சற்றே கூடுதலான சுரங்கமும் அதில் அடக்கம். வியன்னாவுக்கான மிதப்பு 1890-களின் தொடக்கத்தில் நிற்கும்வரை, இடைவெளிகளையும் சேர்த்து அடுக்கிய அளவில் ஏறத்தாழ 80 லட்சம் கனமீட்டர் விறகு இவ்வழியே போனது. ரயிலில் வந்த நிலக்கரி அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.