மண்ணீரல் தொடத் தெரியுமா?

செய்முறைத் தேர்வுக்குத் தேதி குறித்ததும் மருத்துவ மாணவர்கள் வார்டுக்கு ஓடி வருவார்கள். யாருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்று கட்டில் கட்டிலாகத் தேடுவார்கள். தேடுவதில் தப்பில்லை. ஆனால் நோயின் பெயரைத் தெரிந்துகொண்டபின் வயிற்றில் கை வைப்பது பயிற்சியே அல்ல. முதலில் தொட்டுப் பாருங்கள், கண்டதை நண்பரிடம் சொல்லுங்கள், அதற்குப் பிறகு நோயாளியின் குறிப்பேடான கேஸ் ஷீட்டைத் திறங்கள்.

வயிற்றுப் பரிசோதனையில் தேர்வாளர் பார்ப்பது உங்கள் கையை. மண்ணீரல் பெரிதாகும்போது இடது விலா விளிம்பிலிருந்து வலது அடிவயிற்றை நோக்கிச் சாய்வாக இறங்கும். ஆகவே தொடத் தொடங்க வேண்டிய இடம் வலது அடிவயிறு. இடது விலாவுக்கு அடியிலேயே தொடங்குகிறவரின் கை, மிகவும் வீங்கிய மண்ணீரலின் மேலேயே உட்கார்ந்திருக்கும், விளிம்பு தட்டுப்படாது, "ஒன்றுமில்லை சார்" என்பார். நோயாளியை முழங்கால் மடக்கிப் படுக்கச் சொல்லுங்கள். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். அவர் மூச்சை இழுக்கும்போது விரல்கள் காத்திருக்கட்டும், விளிம்பு தானே வந்து இடிக்கும். மூச்சு விடும்போது சற்று மேலே நகருங்கள். கிடைக்காவிட்டால் வலப்பக்கம் ஒருக்களிக்க வைத்து இன்னொரு முறை. கண் மட்டும் அவர் முகத்தில் இருக்கட்டும். வலித்தால் அங்கேதான் முதலில் தெரியும்.

1975-இல் ஸ்காட்லாந்தின் டண்டீயிலிருந்து ரொனால்ட் ஹார்டன் குழுவினர் எழுதி அறிமுகப்படுத்திய 'ஆஸ்கி' (OSCE) என்பது மாணவர்கள் ஸ்டேஷன் ஸ்டேஷனாகச் சுற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு வேலையைச் செய்து காட்டும் செய்முறைத் தேர்வு. ஒரு ஸ்டேஷனுக்குச் சில நிமிடங்கள்தான். முன்பே எழுதிவைத்த பட்டியலைப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். கடிகாரம் வைத்துப் பழகுங்கள். வேறு ரகசியம் இல்லை.

ஒரே நோயாளியை நிதானமாக விசாரித்துப் பரிசோதிக்கும் லாங் கேஸ் அப்படியல்ல. முக்கூடலிலிருந்தோ ஆலங்குளத்திலிருந்தோ இருமலும் இளைப்புமாக வந்திருக்கும் ஆச்சியிடம் என்ன வேலை என்று கேட்டால், "வீட்டில் சும்மாதான் இருக்கிறேன் ஐயா" என்பார். மாணவர் 'இல்லத்தரசி' என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவார். காலையில் சுளகை மடியில் வைத்தால் பொழுது சாயும்வரை பீடி சுற்றுகிறவர் அவர். புகையிலைத் தூளைப் பற்றிக் கேட்காமல் நெஞ்சைத் தட்டிப் பார்த்து என்ன பயன்? "காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன செய்வீர்கள் ஆச்சி?" என்று கேளுங்கள். இலை வெட்டுவதிலிருந்து கட்டுப் போடுவதுவரை அவரே சொல்லிவிடுவார். வீட்டு அடுப்பில் எரிவது விறகா, எரிவாயுவா என்பதும் அந்தப் பேச்சிலேயே வந்துவிடும். கேள்வித்தாளைப் போல வரிசையாகக் கேட்கிறவர்களுக்கு இது வாய்ப்பதில்லை.

இன்னொன்று. 'நல்ல கேஸ்' என்று பெயர் வாங்கிய நோயாளியை ஒரே நாளில் பலர் தட்டி, அமுக்கிப் பார்த்துவிடுகிறார்கள். போனதும் சாப்பிட்டாரா என்று கேளுங்கள், களைத்திருந்தால் விட்டுவிடுங்கள். திரையை இழுத்துவிட்ட பிறகே துணியை விலக்கச் சொல்ல வேண்டும். ஆண் மாணவர் பெண் நோயாளியைப் பரிசோதிக்கும்போது செவிலியரோ தோழியோ பக்கத்தில் நிற்க வேண்டும். முடிந்ததும் நீங்களே போர்த்திவிடுங்கள். தேர்வன்று வயிற்றைத் திறந்தபடி விட்டுவிட்டு என்னிடம் நோயின் பெயரைச் சொல்ல வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், முதலில் போர்த்திவிட்டு வரச் சொல்லி.