கொட்டாவிக்கு மட்டும் எழும் கை

செம்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். "அப்பாவுக்கு நான்கு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்தது. வலது கை மடியில் போட்டது போட்டபடி கிடக்கிறது. ஆனால் கொட்டாவி விடும்போது மட்டும் அது தானாக நெஞ்சுவரை எழும்புகிறது. கொட்டாவி முடிந்ததும் தொப்பென்று விழுகிறது. பெரியம்மா பயந்துபோய் எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டுவிட்டார். ஊரிலிருந்து வந்த மாமா புறா ரத்தம் தடவச் சொல்கிறார். பிசியோதெரபிஸ்ட்டோ மூன்று பந்துக் கருவியைக் கொடுத்து மூச்சுப் பயிற்சி செய்யச் சொல்கிறார். கை விழுந்தவருக்கு மூச்சுப் பயிற்சி எதற்கு சார்?"

எலுமிச்சம்பழத்தால் கெடுதல் ஒன்றுமில்லை, சாதத்துக்காவது ஆகியிருக்கும். புறா விஷயம் அப்படியல்ல. 2025இல் தாதர் கபூதர்கானாவை, அதாவது புறாக்களுக்குத் தானியம் போடும் இடத்தை, தார்ப்பாய் போட்டு மூடியபோது எவ்வளவு ரகளை நடந்தது என்பது மும்பைக்காரர்களுக்கு நினைவிருக்கும். புறா எச்சத்தின் தூசி நுரையீரலைக் கெடுக்கும் என்பதுதான் மூடியதற்குச் சொன்ன காரணம். நெஞ்சில் வலுவில்லாமல் படுத்திருப்பவரின் கட்டிலருகே புறாவைக் கொண்டுவருவதைப் போன்ற அபத்தம் வேறில்லை.

சரி, கைக்கு வருவோம். மூளையின் இடப்பக்கத்தில் ரத்த ஓட்டம் தடைபட்டால் உடலின் வலப்பக்கம் விழும். இது பள்ளிப் பாடம். பலரும் யோசிக்காத ஒன்று உண்டு: மூச்சும் தசையின் வேலைதான். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் கவிழ்த்த கிண்ணம்போல் இருக்கும் உதரவிதானம் கீழிறங்கினால்தான் காற்று உள்ளே வரும். அதற்கும் வலப்பாதி, இடப்பாதி உண்டு. கையும் காலும் விழும்போது அந்தப் பாதி மட்டும் எப்படித் தப்பும்? அது ஓரளவு தப்பித்தும் விடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

உதரவிதானத்துக்கு எஜமானர்கள் இரண்டு பேர். ஒருவர் கீழே மூளைத்தண்டில், முகுளத்தில் இருக்கிறார். அங்குள்ள சில ஆயிரம் நரம்பணுக்கள்தான் இரவும் பகலும் மூச்சுக்குத் தாளம் போடுகின்றன. 1991இல் அடையாளம் காணப்பட்ட அந்த இடத்துக்கு ப்ரீ-போட்ஸிங்கர் தொகுதி என்று பெயர். அதன் பக்கத்திலிருக்கும் நரம்புக் கூட்டத்துக்கு, ஒயின் பாட்டில் லேபிளில் இருந்த ஊர்ப் பெயரை எடுத்து 'போட்ஸிங்கர்' என்று வைத்தவர் நரம்பியல் ஆய்வாளர் ஜாக் ஃபெல்ட்மன். அதையொட்டி வந்ததுதான் இந்த 'ப்ரீ' சேர்ந்த பெயர். இன்னொரு எஜமானர் மேலே பெருமூளைப் புறணியில், அதாவது மூளையின் மேலடுக்கில், இருக்கிறார். "நல்லா மூச்சை இழுங்க" என்று டாக்டர் சொன்னால் கட்டளை போவது இங்கிருந்துதான். பேசுவதற்கும் பாடுவதற்கும் புல்லாங்குழல் ஊதுவதற்கும் இவரே பொறுப்பு.

இருவரும் ஒரே கம்பியைப் பயன்படுத்துவதில்லை. இரண்டு கட்டளைகளும் தனித்தனி வழியில் இறங்கி, கழுத்துத் தண்டுவடத்தில், உதரவிதான நரம்பு புறப்படும் இடத்தில்தான் ஒன்றுசேர்கின்றன. (வயிற்றுக்கு மேலிருக்கும் தசைக்குக் கழுத்திலிருந்து ஏன் நரம்பு? கருவில் அந்தத் தசை கழுத்துப் பக்கம் உருவாகிப் பிறகு கீழே இறங்கியது. நரம்பும் கூடவே நீண்டுகொண்டு வந்துவிட்டது.) முகுளம் பழுதாகும் அரிய நோயாளிகள் சிலர் விழித்திருக்கும்போது மூச்சு விடுவார்கள், தூங்கினால் மூச்சு நின்றுவிடும். பக்கவாதத்தில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு: மேலிருந்து வரும் கம்பி அறுந்திருக்கும், கீழ்த் தாளம் ஓடிக்கொண்டிருக்கும். நோயாளியின் உதரவிதானத்தை அல்ட்ராசவுண்டில் பார்த்திருக்கிறார்கள். சும்மா இருக்கும்போது இரண்டு பாதிகளும் கிட்டத்தட்டச் சமமாக இறங்குகின்றன. "ஆழமா இழுங்க" என்றதும் விழுந்த பக்கத்துப் பாதி பின்தங்கிவிடுகிறது. தசை அதேதான், கட்டளையிடுபவர் மாறியதும் பதில் மாறிவிடுகிறது.

கொட்டாவி கீழ் எஜமானரின் சொத்து. அது மேலே அனுமதி கேட்பதில்லை. கொட்டாவியோடு விழுந்த கை எழும்புவதை மருத்துவர்கள் வெகுகாலமாகவே பார்த்து வந்திருக்கிறார்கள். பிரான்ஸின் ஒலிவியே வாலுசின்ஸ்கியும் சக மருத்துவர்களும் அதற்கு ஒரு நீளமான லத்தீன் பெயரே சூட்டியிருக்கிறார்கள். அவர்கள் தரும் விளக்கத்துக்கு மகாலட்சுமி ரேஸ் மைதானத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நாலுகால் பாய்ச்சலில் ஓடும் குதிரை ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு விடும். முன்னங்காலும் மூச்சும் மூளையின் அடித்தளத்தில் அவ்வளவு நெருக்கம். நம் கைகளும் ஒருகாலத்தில் முன்னங்கால்களாக இருந்தவைதானே. மேலிருந்து அடக்கிவைத்த பிடி தளர்ந்ததும், பெரிதாக மூச்சை உள்ளிழுக்கும் கொட்டாவி அந்தப் பழைய உறவைத் தட்டி எழுப்பிவிடுகிறது. எலுமிச்சம்பழத்துக்கு இதில் வேலையே இல்லை.

இப்போது பந்துக் கருவி. கீழ் எஜமானர் தரும் மூச்சு உயிரோடிருக்கப் போதும், இருமப் போதாது. நல்ல இருமலுக்கு முதலில் ஆழமாக இழுக்க வேண்டும், பிறகு குரல்வளையை மூட வேண்டும், அப்புறம் வயிற்றுத் தசையால் வெடிக்கத் தள்ள வேண்டும். பக்கவாதம் வந்தவர்களில் பலரிடம் மூச்சை இழுக்கும் விசை, அதே வயதுள்ள மற்றவர்களுடையதில் பாதிதான் இருக்கும். விழுங்கும்போது மூச்சு நொடிநேரம் நின்று, பிறகு வெளிமூச்சாகத் தொடர வேண்டும். அந்த ஒத்திசைவு கெட்டால் கஞ்சி நுரையீரல் பக்கம் போய்விடும். போனதை இருமித் தள்ளவும் வலுவில்லை என்றால் நிமோனியா. பக்கவாதத்தில் பிழைத்தவர்களைப் பிறகு கொண்டுபோகும் காரணங்களில் அது முக்கியமானது.

அந்தக் கருவியில் முக்கால்வாசிப் பேர் செய்யும் தப்பு, அதை ஊதுவது. அது இழுப்பதற்கு. பந்துகளுக்கு மேல் 600, 900, 1200 என்று போட்டிருப்பது ஒரு நொடிக்கு எத்தனை மில்லி லிட்டர் காற்று என்ற கணக்கு. மூன்றையும் ஒரு துள்ளு துள்ளவைப்பதைவிட, நிமிர்ந்து உட்கார்ந்து முதல் பந்தை மூன்று நொடி மேலே நிறுத்துவது உயர்ந்தது. மெதுவாக இழுத்தால்தான் அடிநுரையீரலில் சுருங்கிக் கிடக்கும் காற்றறைகள் விரியும். தசைக்கு வலுவேற்ற வேறொரு கருவி உண்டு. அதில் ஒரு ஸ்பிரிங் வால்வு இருக்கும், குறிப்பிட்ட விசையோடு இழுத்தால்தான் திறக்கும். நோயாளியின் உச்ச விசையில் ஏறக்குறைய 30 சதவீதத்தில் தொடங்கி வாராவாரம் கூட்டுவார்கள். டம்பெல் தூக்குவதேதான், இங்கே தூக்குவது உதரவிதானம். தலை சுற்றினால் நிறுத்திவிட வேண்டும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கிப் பிடிக்கும் பிராணாயாமத்தை டாக்டரைக் கேட்காமல் செய்யக் கூடாது.

இந்தப் பயிற்சியால் மூச்சுத் தசை வலுப்படுவது ஆய்வுகளில் தெளிவாகத் தெரிகிறது. நெஞ்சுத் தொற்று குறைவதற்கும் சான்றுகள் உண்டு. கை திரும்ப வந்துவிடும் என்பதற்கு இல்லை. டிவியில் அப்படிச் சொல்லும் யோகா குருக்களை நம்பாதீர்கள். இன்னும் பெரிய ஆய்வுகள் வேண்டும்தான், ஆனால் சில நூறு ரூபாய்ப் பிளாஸ்டிக் கருவிக்காக எந்த மருந்துக் கம்பெனி பணம் போடும்? அரசுதான் போட வேண்டும். நாமோ மொத்த ஆராய்ச்சிக்கே நாட்டு வருமானத்தில் ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை.

இவ்வளவையும் எழுதி அனுப்பியதும் வாசகியிடமிருந்து ஒரு வரி வந்தது: "அப்போ கை வருமா சார்?" முதலிலிருந்தே அவர் கேட்க நினைத்தது அதுதான் போலிருக்கிறது. தண்டுவடத்திலிருந்து கைவரை நரம்பும் தசையும் நன்றாக இருக்கின்றன என்பதைக் கொட்டாவி காட்டிவிட்டது. மேலிருந்து புதுவழி திறக்குமா என்பதை அது காட்டாது. அடுத்த கொட்டாவியை போனில் வீடியோ எடுத்து பிசியோவிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன்.