இனவரைவியல்: எந்த இனம், என்ன வரைவு?

மானிடவியலை முகநூலிலோ யூடியூபிலோ தமிழில் விளக்க வருபவர்கள் இடறி விழும் சொல் ஒன்று உண்டு: இனவரைவியல். மக்கள் நடுவே தங்கி அவர்கள் வாழ்வைப் பார்த்து எழுதும் ஆய்வுமுறையான 'எத்னோகிராபி'க்குத் தமிழில் நிலைத்துவிட்ட சொல் இதுதான். கேட்டதும் பலருக்கு ஏதோ சாதிக் கணக்கெடுப்பு என்றே தோன்றும்.

தோன்றுவதில் தப்பும் இல்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், எத்னோகிராபி என்ற பெயரில் ஆட்களின் தலையையும் மூக்கையும் அளந்து குறித்துக்கொண்டவர். கே. ரங்காச்சாரியின் துணையோடு தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி 1909இல் 7 தொகுதிகள் வெளியிட்டார். அந்த வாடை சொல்லில் இன்னும் போகவில்லை.

சரி, எத்னோகிராபி என்ற சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் அறிஞர்கள் இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டிப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது இது. எத்னோஸ் என்றால் கூட்டம். பழங்கிரேக்கக் கவி ஹோமரிடம் தோழர் கூட்டமும் எத்னோஸ், தேனீக் கூட்டமும் எத்னோஸ். நாம் வண்டினம், ஆனினம் என்பதுபோல. கிராஃபெய்ன் என்றால் கீறுதல். அதிலிருந்து எழுதுதல், தீட்டுதல். நம் 'வரைதல்' கோட்டுக்கும் எழுத்துக்கும் ஓவியத்துக்கும் பொது. (அகப்பாடல்களில் வரைவு என்றால் கல்யாணம். அது வேறு கதை.)

இனம் என்றாலே பிறப்பு என்று எடுத்துக்கொள்வது நம் பழக்கம். குறளில் அப்படி இல்லை. சிற்றினஞ்சேராமை அதிகாரத்தில் 'மாந்தர்க்கு இனத்தியல்ப தாகும் அறிவு' என்கிறார் வள்ளுவர். அங்கே இனம் என்பது ஒருவர் கூடிப் பழகும் கூட்டம்; சேரலாம், விலகலாம். எத்னோகிராபியின் வேலைக்கு இந்தப் பொருள்தான் பொருந்தும். கேள்வித்தாளை நீட்டிவிட்டுக் கிளம்புவது அல்ல அந்த வேலை. முதல் உலகப் போர்க் காலத்தில் மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி நியூ கினி அருகே டிரோப்ரியாண்ட் தீவுகளில் செய்ததுபோல, மக்கள் நடுவே நெடுநாள் தங்கி, அவர்கள் மொழியில் பேசி, பார்த்ததை எழுதுவது.

அண்மைக்கால உதாரணம் சமூக ஊடகத்தைப் பற்றியதே. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் மானிடவியலாளர் டேனியல் மில்லர் தலைமையில் 2012இல் தொடங்கிய ஆய்வு அது. ஒன்பது ஆய்வாளர்கள் ஒன்பது ஊர்களில் 15 மாதம் தங்கினார்கள். அதில் ஒன்று சென்னைக்கு அருகில், ஐ.டி. வளாகங்கள் முளைத்த ஒரு கிராமப் பகுதி. அங்கே தங்கிய ஆய்வாளர் ஸ்ரீராம் வெங்கட்ராமன் அதற்குப் 'பஞ்சகிராமி' என்று புனைபெயர் வைத்தார். வாட்ஸ்அப் வந்தும் உறவு, சாதி, வயது, ஆண்–பெண் வேறுபாடு எல்லாம் போனுக்குள்ளேயும் தொடர்வதைக் காட்டினார். ஆய்வு நூல்களை இலவச மின்னூல்களாகவும் வெளியிட்டார்கள். முடிவுகளை எளிய வடிவில் இணையத்தில் தமிழிலும் போட்டார்கள்.

மாற்றுச்சொல் வேண்டுமா? 'மக்கள்வரைவியல்' எனலாம்தான். ஆனால் மக்கள்தொகையியலைக் குறிக்கும் டெமோகிராபியின் நேர்ப்பொருளே மக்கள்–வரைவு, குழப்பம் கூடும். 'இனவியல்' மக்கள் கூட்டங்களை ஒப்பிட்டு ஆராயும் எத்னாலஜிக்குப் போய்விட்டது. எனவே முறைக்கு இனவரைவியல், எழுதி முடித்த நூலுக்கு இனவரைவு என்று பிரித்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. இரண்டு நிமிட வீடியோவில் மட்டும் முதலில் 'கூட இருந்து எழுதுவது' என்று சொல்லிவிட்டு, அப்புறம் சொல்லை எடுத்தால் போதும்.